கதவாணி எப்படிச் செத்தது?

கேள்வி: பேத்திக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது டிக்கன்ஸ் கதையில் ‘டெட் அஸ் எ டோர்நெயில்’ என்று வந்தது. ஆள் செத்ததற்கும் கதவில் அடித்த ஆணிக்கும் என்ன சம்பந்தம்? – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ‘அடியோடு செத்தாச்சு, இனி எழும்பாது’ என்பதுதான் பொருள், ஆச்சி. இன்று தீர்ந்துபோன பேட்டரிக்கும் சொல்கிறார்கள். ஆணி எப்படி உள்ளே வந்தது என்பதுதான் ருசியான சங்கதி.

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீட்டிலிருந்து வந்த பலகைக் கதவை ஓர் ஆசாரி பிரித்துக்கொண்டிருந்தார். குறட்டுக்கு வந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டார். நாலைந்து மட்டும் அசையவில்லை. மறுபக்கம் வந்த முனையை மடக்கி மரத்துக்குள்ளேயே இறக்கியிருந்தார்கள். “இது மடக்கி அடிச்சதுண்ணே, அறுத்துத்தான் எடுக்கணும். எடுத்தாலும் உதவாது” என்றார். ஒன்றை வாங்கி நிமிர்த்திப் பார்த்தேன். வளைவிலேயே பட்டென்று ஒடிந்தது.

திருகாணி பரவுவதற்கு முன் இங்கிலாந்துத் தச்சர்களும் கதவுப் பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு இப்படித்தான் பிணைத்தார்கள். ஆயிரம் முறை அறைந்து சாத்தினாலும் கழலாது. ஆனால் அந்த ஆணிக்கு மறுபிறப்பு கிடையாது. அதனால்தான் ‘செத்த’ ஆணி என்பது பலரும் சொல்லும் விளக்கம். கதவு தட்டும் இரும்பு வளையத்திடம் ஓயாமல் தலையில் அடிவாங்கிச் செத்தது என்றும் சிலர் சொல்வார்கள். அந்த ஆசாரியின் குறட்டைப் பார்த்த எனக்கு முதல் விளக்கம்தான் மனசுக்குப் பிடிக்கிறது.

தொடர் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டிலேயே லாங்லண்டு என்ற கவிஞர், நற்செயல் பின்தொடராத இறைநம்பிக்கை கதவாணிபோல் செத்தது என்று பாடியிருக்கிறார். பிணத்தைச் சொல்லவில்லை, உயிரோடு இருக்கிறவனின் வெற்றுப் பக்தியைச் சொன்னார்! எனக்கு அந்த வரி மிக உயர்வாகப் படுகிறது. பிறகு ஷேக்ஸ்பியர் கலகக்காரன் ஜாக் கேடின் வாயில் இதை மிரட்டலாக வைத்தார். 1843இல் டிக்கன்ஸ் ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ கதையில் மார்லி என்ற பாத்திரத்தின் சாவுக்கு எடுத்துக்கொண்டார். சவப்பெட்டி ஆணிதானே இன்னும் செத்தது என்று அங்கேயே ஒரு கேள்வியும் போடுகிறார், பேத்தியை அடுத்த பத்தியையும் படிக்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் ‘இந்தக் கட்டை வேகிற வரைக்கும்’ என்போம். நமக்கு மரம், அவர்களுக்கு அதில் இறங்கிய இரும்பு.

வீட்டில் பழைய பலகைக் கதவு இருந்தால் உட்புறத்தில் மடங்கிய ஆணிமுனைகளைப் பேத்திக்குத் தடவிக் காட்டுங்கள். முகப்பில் மின்னும் பித்தளைக் குமிழ்கள் அலங்காரம், அவை வேறு.