கொடுத்ததும் வாங்கியதும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் பெரம்பூர். பொறியியல் கடைசி வருடம். 2019 அக்டோபரில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சாக்ரமென்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மும்பையில் ஆடியதை டிவியில் பார்த்ததிலிருந்து கிங்ஸ் ரசிகன். 2022 பிப்ரவரியில் கிங்ஸ், டைரீஸ் ஹாலிபர்ட்டனை அதே பேசர்ஸுக்குக் கொடுத்துவிட்டு டோமன்டாஸ் சபோனிஸை வாங்கியது. வளர்ந்துகொண்டிருந்த பையனை, அதுவும் குறைந்த சம்பளத்தில் கைவசம் இருந்தவனை, விலை ஏறுவதற்குள் தள்ளிவிட்டது முட்டாள்தனம் என்பது என் கட்சி. என் நண்பனோ, அடுத்த வருடமே பிளேஆஃப் போனோமே, அப்புறம் என்ன என்கிறான். இதனால் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுவிட்டது. யார் சொல்வது சரி? ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை சிஎஸ்கே வாங்கியது பற்றியும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜடேஜா கதையை விடுங்கள். சென்னையில் எந்த ஆட்டோவில் ஏறினாலும் அதற்குப் பதில் கிடைக்கும்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். 16 சீசன் பிளேஆஃபையே பார்க்காத அணி கிங்ஸ். என்பிஏவில் அவ்வளவு நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் இருந்ததில்லை. சபோனிஸ் வந்த அடுத்த சீசனில் 48 வெற்றி, லீக்கின் மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். ஜெயித்த ஒவ்வொரு முறையும் அரங்கின் கூரையிலிருந்து வானத்துக்கு ஊதா வெளிச்சம் பாய்ந்தது. முதல் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழு ஆட்டம் ஆடித் தோற்றார்கள், சரி. ஆனால் அந்த ஊரில் 16 வருடம் டிக்கெட் வாங்கியவனுக்கு அது சின்ன விஷயமில்லை. உங்கள் நண்பர் 2023இல் கணக்கை மூடிவிடுகிறார். நீங்கள், பேசர்ஸ் ஃபைனல்ஸ் போன 2025 ஜூனில் மூடுகிறீர்கள். அதே ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டனுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது, அடுத்த சீசன் முழுக்க ஆட முடியாமல் போனது. அங்கே மூடினால், நல்லவேளை விற்றோம் என்பீர்களா? பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்ட் இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று டிஆரன் ஃபாக்ஸை வைத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் அவரும் சான் அன்டோனியோ போய்விட்டார். என்னைக் கேட்டால் ஹாலிபர்ட்டனை வைத்திருப்பேன். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். சந்தையில் கத்திரிக்காயை அமுக்கிப் பார்ப்பவர் மாதிரி நீங்கள் ஒரு மனிதனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குறைந்த சம்பளத்தில் கைவசம் இருந்தவனாம். தம்பி, அந்தச் சம்பளத்தை நீங்களா கொடுத்தீர்கள்? முதலாளி கவலைப்பட வேண்டியதை பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்? 22 வயது நிரம்பாத பையன், சாக்ரமென்டோவிலேயே இருக்க ஆசைப்பட்டவன். உங்கள் கடிதத்தில் எல்லாருடைய லாப நஷ்டமும் இருக்கிறது, அவனைத்தான் காணோம்.

வடசென்னையில் நான் படித்த பள்ளியில் சிமென்ட் தரையில் ஒரு கோர்ட் உண்டு. ரிங்கில் வலை இருக்காது. வழுக்கையாகிப்போன பந்து, ஆடி முடித்தால் உள்ளங்கை கரிப்பிடித்த மாதிரி இருக்கும். எங்கள் டீமுக்கு ஒன்பதாவது படித்த ஒரு குட்டைப் பையன்தான் பாயின்ட் கார்ட். அவனை நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்த ஒரு தனியார் பள்ளி கேட்டது. ஃபீஸ் இல்லை, சாப்பாடு, ஷூ. எங்கள் பள்ளிக்கு ஒரு புது போர்டும் இரண்டு பந்தும். பெரியவர்கள் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். திங்கட்கிழமை அவன் வரவில்லை, பந்துகள் வந்தன. பிளஸ் டூ அண்ணன்கள் சுற்றி நின்று, இவன் இதுக்கு மேல வளர மாட்டான்டா, நமக்குத்தான் லாபம் என்று தீர்ப்பு சொன்னார்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தக் குரல்தான் கேட்டது.

மண்டலப் போட்டியில் எதிர் டீமில் வந்து நின்றான். புது ஷூ ஒரு சைஸ் பெரியது, நுனியில் துணி அடைத்திருந்தான். ஆட்டத்தின் நடுவே எங்கள் பையன் ஒருவன் அவன் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்த, திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை அவனுக்கே போட்டுவிட்டான். இரண்டு பாயின்ட் எங்களுக்கு. இடைவேளையில் அவனுடைய புது மாஸ்டர் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தபோது, “நல்லா சோறு போடறாங்கடா” என்று மட்டும் சொன்னான். பிற்பாடு விளையாட்டுக் கோட்டாவில் வங்கி வேலை கிடைத்தது. இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருக்கிறான். அந்த டிரேட் அவனுக்கும் லாபம்தான். ஆனால் போகிறாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டையும் ஒரே தராசில் போட எனக்கு இன்னும் தெரியவில்லை.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன வருத்தம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொழுதில்லை.

2025 பிப்ரவரியில் லூகா டான்சிச்சை டாலஸ் அணி லேக்கர்ஸுக்கு அனுப்பிய செய்தி வந்தபோது நமக்கு ஞாயிறு காலை பத்தரை தாண்டியிருந்தது. செய்தியாளரின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். முந்தைய ஜூனில்தான் அந்த அணியை ஃபைனல்ஸ் வரை கூட்டிப்போனவர், வயது 25. அன்று டாலஸ் ரசிகர்கள் அரங்கத்து வாசலில் சவப்பெட்டி வைத்தார்கள். மேனேஜரை நீக்கு என்று மாதக்கணக்கில் கத்தினார்கள். அந்த வருடம் நவம்பரில் நீக்கினார்கள். அதற்கு முன்பே, 2025 ஏப்ரலில், லேக்கர்ஸ் சட்டையில் டான்சிச் அங்கே திரும்பி வந்து, தன்னைப் பற்றிய வீடியோவைப் பார்த்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்து 45 பாயின்ட் அடித்தார். தங்கள் அணிக்கு எதிராக அடித்தவருக்கு ஊரே கைதட்டியது. ரசிகன் என்றால் அதுதான். டான்சிச்சுக்குப் பதிலாக வந்த ஆந்தனி டேவிஸின் ரீபவுண்ட் சராசரியை அவர்களிடம் நீட்டிப் பாருங்கள், அடிப்பார்கள்.

கிங்ஸ் மேல் உங்களுக்கு இருப்பது உண்மையான பிரியம் என்று தெரிகிறது. பெரம்பூரில் விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து தோற்கிற அணியைப் பார்ப்பதற்கு வேறு காரணம் இருக்க முடியாது. அதை ஏன் ஆடிட்டர் பாஷையில் ஒளித்துவைக்கிறீர்கள்? ஹாலிபர்ட்டன் போனது வலித்தது என்று எழுதியிருந்தால் போதுமே.

நண்பனிடம் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். சண்டை வேண்டுமென்றால் உருப்படியாகப் போடுங்கள். 2025 ஃபைனல்ஸ் முதல் ஆட்டம், கடைசி நொடிகள். அதுவரை பேசர்ஸ் ஒருமுறைகூட முன்னிலைக்கு வரவில்லை, ஒரு பாயின்ட் பின்னால். எதிரணியான ஓக்லஹோமா ஷாட்டைத் தவறவிடுகிறது, பந்து பேசர்ஸ் கைக்கு வருகிறது. பேசர்ஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைல் டைம்-அவுட் கேட்காமல் ஆட்டத்தை ஓடவிடுகிறார். 0.3 விநாடி மிச்சமிருக்க ஹாலிபர்ட்டன் அடித்து முடித்தார். டைம்-அவுட் கேட்டிருக்க வேண்டுமா, கூடாதா? கூடாது என்பது என் கட்சி. நண்பர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.