அடிக்காத பெற்றோரும் வதைக்கிறார்களா?

"அடித்ததில்லை, வைததில்லை. கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். இதையும் குழந்தை வதை என்பது கொஞ்சம் அதிகமில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். புறக்கணிப்புக்கும் அடி, பாலியல் கொடுமை போன்ற மற்ற வதைகளுக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அதிகமில்லை. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, அடி உதையையும் புறக்கணிப்பையும் 19ஆம் பிரிவில் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது. ஆனாலும் நம் கண்ணுக்கு முதலில் படுவது காயம்தான். 1962இல் ஹென்றி கெம்பே என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதியபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டதற்கு, எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முறிவுகளும் ஒரு காரணம். புறக்கணிப்பு எக்ஸ்ரேயில் விழாது.

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவன். என் வகுப்பில் ஒரு பையன், எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருவான். அவனுடைய மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்து மாதம் தவறாமல் இருக்கும். ஒருநாள் அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தற்செயலாகப் புரட்டினேன். அதே கையெழுத்து, மேலிருந்து கீழ்வரை வரிசையாக. குறைந்த மதிப்பெண்ணை மறைக்கப் பிள்ளைகள் கள்ளக் கையெழுத்துப் போடுவதுண்டு. இவன் ஏன் போட வேண்டும்? "கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்பார் ஐயா. அட்டையைத் திருப்பித் தர நாள் தாண்டிவிடும்" என்றான். அவன் குரலில் வருத்தம்கூட இல்லை.

நீங்கள் கேட்ட தொடர்பு இங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒருவர் வந்து "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளைச் சீரழிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். யார் தேடமாட்டார்களோ அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் பார்த்துப் பழகுவார்கள். முதலில் அக்கறை, பிறகு பரிசு, பிறகு "இது நமக்குள் இருக்கட்டும்". தப்பு நடந்த பிறகும் பிள்ளை வாய் திறக்காது. சொல்ல வீட்டில் ஆளில்லை; சொன்னால், கிடைத்த ஒரே அன்பும் போய்விடும்.

கண்டுகொள்ளாத வீட்டில் அடியே விழாது என்றும் நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் எதையும் விசாரிக்காத தகப்பன், பள்ளியிலிருந்து புகார் வந்த அன்று பெல்ட்டை உருவுவான். அதையாவது கவனிப்பாக எண்ணி, வேண்டுமென்றே வம்பு செய்யும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வறுமை புறக்கணிப்பு ஆகாது. இரவு வேலைக்குப் போகிற தாய், பிள்ளை யாரோடு இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வசதியான வீடுகளிலும் கேட்பாரற்ற பிள்ளைகள் உண்டு.

அந்தப் பையனின் அப்பாவை வரவழைத்து மதிப்பெண் அட்டையை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? என் கையெழுத்துதானே?" என்றார்.