முசாங் நரி இல்லை, மரநாய்

வணக்கம். தமிழில் மொழிபெயர்க்கும் மலாய்க் குழந்தைக் கதை ஒன்றில் கோழி திருடும் 'முசாங்' வருகிறது, அகராதி நரி என்கிறது, படமோ பூனை மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். படத்தை நம்புங்கள். முசாங் என்றால் புனுகுப்பூனைக் குடும்பத்து விலங்குதான். வெளிநாட்டு நரிக் கதைகளை மலாயில் சொல்லும்போது நரிக்கும் இதே பெயரை வைப்பதுண்டு, குழப்பம் அங்கிருந்து வந்தது.

சொல் மலாய்க்கு மட்டும் உரியதல்ல. பிலிப்பைன்ஸின் தகலோக்கிலும் இதே விலங்குக்கு முசாங் என்றே பெயர். அந்தத் தீவு மொழிகளின் பழைய பொதுச்சொத்து. 'கோப்பி லுவாக்' என்ற காப்பிப் பெயரில் கேள்விப்படும் 'லுவாக்' மட்டும் இதே விலங்குக்கு ஜாவா மொழிச் சொல்.

வீட்டுக்கூரையில் ஏறிப் பழமும் கோழியும் தின்னும் வகையை மலாய்க்காரர்கள் 'முசாங் பாண்டான்' என்பார்கள், உடம்பில் பாண்டான், அதாவது ரம்பை இலை வாசம் வீசுவதால். நம் ஊர் மரநாயும் அதே வகைதான். அதனால் உங்கள் கதைக்கு 'மரநாய்' என்றே எழுதுங்கள், 'புனுகுப்பூனை' என்றால் புனுகு எடுக்கும் வேறு இனம் நினைவுக்கு வரும்.

அப்புறம், கதையில் 'முசாங் பெர்புலு ஆயாம்' என்று வந்தால் அது பழமொழி: கோழி இறகு போர்த்திய மரநாய், அதாவது நல்லவன் வேடம் போட்ட எதிரி. அதைப் 'பசுத்தோல் போர்த்திய புலி' என்று மாற்றிவிடாதீர்கள், கோழி இருந்தால்தான் கதை நிற்கும். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துக் குவா முசாங் ஊர்ப்பெயர், முசாங் கிங் என்ற டுரியான் பழப்பெயர் இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடலாம்.