எம்ஐஎம் (மெட்டல் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்) முறையில் செய்த 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகங்கள் துருப்பிடிக்கின்றன. பொடியில் செய்ததுதான் காரணமா?

சால்ட் ஸ்ப்ரே (உப்புநீர் தெளிக்கும்) சோதனையில் பழுப்புப் புள்ளி வந்திருக்கும், யாராவது "பொடியில் செய்தால் இப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள். சின்டரிங் (பொடிப் பாகத்தை ஃபர்னஸில் சூடாக்கி இறுக வைப்பது) பிரிவில் வேலை செய்யும் நான் இதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கிறேன்.

பொடியை அச்சில் அழுத்திச் செய்யும் பழைய முறையில் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், ஈரம் உள்ளே இறங்கும். எம்ஐஎம்மில் பொடியைப் பைண்டர் என்ற பிணைப்புப் பொருளோடு கலந்து மோல்டில் செலுத்தி, பிறகு பைண்டரை நீக்கிச் சின்டர் செய்கிறோம். அந்தப் பொடி பெரும்பாலும் 20 மைக்ரானுக்கும் கீழே. ஒழுங்காகச் சின்டர் ஆனால் அடர்த்தி 96 சதவீதத்தைத் தாண்டும். மிச்சத் துளைகள் தனித்தனியாக மூடிக்கொள்ளும்.

எங்களுக்கும் இதே புகார் வந்தது. சிறிய கீல் பாகம். அளவு சரி, அடர்த்தி சரி, ஆனாலும் புள்ளி. எல்லோரும் பொடி கொடுத்தவரைத் திட்டினார்கள். நான் கார்பன் அளவைப் பார்க்கச் சொன்னேன். 316எல்லில் அது 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொடியில் வரம்புக்குள் இருந்தது, பாகத்தில் தாண்டியிருந்தது. அப்படியென்றால் பைண்டரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். உற்பத்தியைக் கூட்டுவதற்காக ஃபர்னஸில் தட்டுகளை நெருக்கி அடுக்கியிருந்தார்கள். பைண்டர் ஆவி வெளியேற வழியில்லை. தங்கிவிட்ட கார்பன், பாகம் ஆறும்போது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடாகிறது. அதைச் சுற்றிக் குரோமியம் குறைந்த இடத்தில் துரு பிடிக்கிறது. தட்டுகளுக்கு இடைவெளி விட்டு, ஹைட்ரஜன் ஓட்டத்தைக் கூட்டியதும் புகார் நின்றது.

அதனால் அடர்த்தி அறிக்கையோடு நிறுத்தாமல் கார்பன், நைட்ரஜன் அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். நைட்ரஜன் வாயுவில் சின்டர் செய்து மெதுவாக ஆறவிட்டாலும் குரோமியம் நைட்ரைடாகப் போய்விடும். மேற்பரப்பில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலும் புள்ளி வரும் என்பதால், பாசிவேஷன் (அமிலத்தில் கழுவி அந்தத் துகளை நீக்குவது) செய்து ஒருமுறை சோதியுங்கள்.

எல்லாவற்றுக்கும் எம்ஐஎம்தான் என்று நான் வாதாடவில்லை. தடித்த பாகத்திலிருந்து பைண்டரை எடுப்பது பெரும்பாடு. எண்ணிக்கை குறைவென்றால் மோல்டு செலவு கட்டாது.

அப்புறம், நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். லேத்தில் கடைவதற்கு வரைந்த டிராயிங்கை அப்படியே அனுப்பி, எல்லா அளவுக்கும் ±0.01 மில்லிமீட்டர் கேட்கிறார்கள். சின்டரிங்கில் பாகம் நீளவாக்கிலேயே 15 முதல் 20 சதவீதம் சுருங்குகிறது! எந்த அளவு உண்மையில் முக்கியம் என்று வரைந்தவரிடமே கேட்கலாமென்றால், கொள்முதல் பிரிவு நடுவில் நின்று பேசவே விடுவதில்லை. விட்டிருந்தால், ஃபர்னஸ் தட்டில் உட்காரத் தட்டையான ஓர் அடிப்பாகம் வைத்து வரையச் சொல்லியிருப்போம், வளைவுப் புகாரில் பாதி வந்தே இருக்காது.