அப்பாவின் ரெக்கார்டு பெட்டிகள்

கேள்வி: அப்பா இங்கே சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று 60களிலிருந்து கேசட் வரும்வரை அவர் போட்ட ரெக்கார்டுகள் மரப்பெட்டிகளில் பரணில் கிடக்கின்றன. சில தட்டுகள் நல்ல கனம், பலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற ஆசை. தெரிந்த கடைக்காரர், பிளேயரில் ஓடவிட்டு ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்தால் ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் சேர்ந்துதான் பதிவாகும். அதைவிடப் பெரிய கவலை, அவருடைய பிளேயரில் தேய்ந்த ஊசி இருந்தால் ஒரே ஓட்டத்தில் ரெக்கார்டுக்குச் சேதம் வந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்யவே முடியாது.

முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். வெயில் ஏறும் இடத்தில் வினைல் என்ற பிளாஸ்டிக் தட்டு வளைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் மாதிரி நிற்க வைத்து, காற்றோட்டமான அறையில் சுவரை ஒட்டாமல் வையுங்கள். அப்புறம் கனமானவற்றைத் தனியாகப் பிரியுங்கள். அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 78 வேகத் தட்டுகளாகத்தான் இருக்கும், அரக்கும் கல்மாவும் கலந்து அச்சடித்தவை, கீழே விழுந்தால் சில்லுசில்லாகிவிடும். மற்றவை வினைல், 45 வேகத்தில் சுற்றும் சின்ன ஈ.பி.யும் 33⅓ வேக எல்.பி.யும்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், பூஞ்சையைத் துடைக்க ஸ்பிரிட் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்! 78 தட்டில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மணமில்லாத பாத்திர சோப்பு திரவம் ஓரிரு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி, இவ்வளவு போதும். தட்டின் வரி (ஊசி ஓடும் பள்ளம்) போகும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு தடவை துடைத்து, நிழலில் உலர விடுங்கள். நடுவில் ஒட்டிய லேபிள் நனையக்கூடாது. பூஞ்சைக்கு முகக்கவசம் அவசியம்.

பிளேயர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 78 தட்டின் வரி அகலமானது, அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி. ஊசி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, வரியின் அடியில் போய் உரசிக்கொண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். ஊசி தட்டை அழுத்தும் எடை எல்.பி.க்கு 2 கிராம் அளவில் இருந்தால் போதும். சவுண்ட் சர்வீஸ் பிளேயர்களில் ஊசி கனமாக அழுத்தும் என்பதால் அப்பாவின் தட்டுகள் தேய்ந்துதான் இருக்கும். ஆனால் மனம் தளர வேண்டாம், வேறு வடிவ முனையுள்ள ஊசி வரியில் தேயாத இடத்தைத் தொட்டு, போய்விட்டது என்று நினைத்த பாட்டைக்கூட ஓரளவு மீட்டுவிடும்.

பிளேயரிலிருந்து ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசி தரும் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் கருவி), அதிலிருந்து யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை டிஜிட்டலாக மாற்றித் தரும் பெட்டி), அங்கிருந்து கணினி. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். பதிவின் தரத்தை அதில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். முக்கால் மணி நேர எல்.பி. ஒன்றுக்கு 1.5 ஜி.பி. வரும். சரி, வரட்டும், ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். இரைச்சல் நீக்குவதையெல்லாம் நகலில் செய்யுங்கள், மூலக் கோப்பு தட்டில் கேட்டபடியே இருக்கட்டும், இன்னும் நல்ல கருவி வரும்போது அதுதான் உதவும். கோப்புகளை இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

"எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே" என்பார்கள். இல்லை. வழக்கமான 10 அங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது, அதனால் பழைய படப் பாடல்கள் பலவற்றைத் தட்டுக்கென்று சுருக்கியோ தனியாகப் பாடவைத்தோ பதிந்தார்கள், படத்தில் கேட்பது வேறு. நாடகத் தட்டுகள், கதை வசனத் தட்டுகள், கட்சிப் பாடல்கள், பெயர் தெரியாத பக்திப் பாடகர்கள், இவற்றை முதலில் ஏற்றுங்கள். மும்பையில் 1990 முதல் இருக்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தில் ஓடியன் கம்பெனித் தட்டுகளைக் கணினியில் ஏற்றியபோது, தனியார் சேகரிப்புகளில் தப்பிப் பிழைத்த தட்டுகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துடைக்கும் முன் லேபிளையும் உறையையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், பேனாவில் எழுதியது, பெயின்டில் வைத்த குறி உட்பட. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கொடையில் பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து எதைப் போட்டார், மாப்பிள்ளை அழைப்புக்கு எது, பந்தி நேரத்துக்கு எது, எந்த ஊரில் எந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று கேட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். தட்டு இன்னும் பத்து வருடம்கூடக் காத்திருக்கும். இந்த விவரம் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே பிளேயர் வாங்கும்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குங்கள்.

கேள்வி: மாமனாரின் எல்.பி.க்களைக் கணினியில் ஏற்றிவிட்டேன். இணையத்தில் போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வீட்டில் கேட்க, ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள, தடையில்லை. பொதுவில் போடுவது வேறு கதை. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு, எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டுகள் வரை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959ல் மறைந்தார், அவர் வரிகளுக்கான காலம் 2019 முடிவோடு தீர்ந்தது. கண்ணதாசன் மறைந்தது 1981ல், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆக, ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பொதுவில் போட வேண்டும். லேபிள் படங்களோடு பட்டியலை மட்டும் வெளியிடுங்கள், தேடுகிறவர்களுக்கு அதுவே பெரிய உதவி.