கெய்ர்ன்ஸ் போய் வாருங்கள், வீட்டுக் கடனைத் தொடாமல்

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 64. சிட்னியின் மேற்குப் பகுதியில் வசிக்கிறோம். நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் பகுதி நேர வேலை செய்கிறார். இந்த ஆண்டு ஒரு நாள் வேலை கூடியிருப்பதால் மாதம் 600 டாலர் மிஞ்சும். வீட்டுக் கடன் 1,35,000 டாலர் பாக்கி, வட்டி 6 சதவீதம், மாதத் தவணை 1,150. என் சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் 2,10,000 இருக்கிறது.

ஜூலை பள்ளி விடுமுறையில், பவளத்திட்டுக்குப் பேர்போன குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸுக்கு எல்லோரும் போகலாம் என்று மகள் ஆசைப்படுகிறாள். நாங்கள் இருவர், அவர்கள் நால்வர். 7 இரவுக்கு 16,400 டாலர் கேட்கிறார்கள். “அப்பா, இப்போ நீங்க கட்டிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறாள். கடனில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் ரீட்ரா வசதியில் 16,500 வரை எடுக்கலாம் என்று வங்கிச் செயலி காட்டுகிறது. முன்கூட்டிக் கட்டிய எங்கள் பணம்தானே, எடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை. எனக்கு மூட்டு மாற்று சிகிச்சை செய்த கால். மனைவிக்கு நீச்சலே தெரியாது. டைவிங் செய்யாதவர்கள் அங்கே போவது வீண் என்கிறார்கள் நண்பர்கள். ஒருவர், டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமை) வாங்கினால் வருடா வருடம் போகலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: டைவிங் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நான்கு வருடக் கடன் அறிக்கையை முதலில் பார்ப்போம். ரீட்ரா என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான்கு வருடம் முன்பு பாக்கி 96,000. அதன் பிறகு ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். இருந்தும் இன்று 1,35,000. நடுவில் ரீட்ராவில் எடுத்தவை: சென்னைக் கல்யாணத்துக்கு 14,000, பேத்தியின் அரங்கேற்றத்துக்கு 18,000, மகன் வீடு வாங்க முன்பணம் 25,000, கப்பல் பயணம் ஒன்றுக்கு 9,000. மொத்தம் 66,000. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். பேத்தியின் அரங்கேற்றத்தை எந்தத் தாத்தாவால் தட்ட முடியும்? ஆனால் நான்கும் ஒரே கணக்கிலிருந்து, ஒரே விதமாக, செயலியில் விரலால் தட்டி எடுக்கப்பட்டிருக்கின்றன.

இவற்றை எடுக்காமல் இருந்திருந்தால் அதே 1,150 தவணையில் இன்று பாக்கி ஏறக்குறைய 60,000-தான் இருக்கும். ஐந்து வருடத்தில், உங்கள் 73 வயதில், கடன் தீர்ந்திருக்கும். இன்றைய 1,35,000-ஐ இதே தவணையில் கட்டினால் இன்னும் 14 வருடம் 9 மாதம். அப்போது உங்களுக்கு 83 வயது நெருங்கியிருக்கும்.

இதன் மேல் கெய்ர்ன்ஸ் 16,400-ஐ ஏற்றுங்கள். பாக்கி 1,51,400 ஆகும். அதன் மாத வட்டி மட்டும் 757 டாலர். தவணையில் அசலுக்குப் போவது 400-க்கும் கீழே. கடன் தீர சுமார் 215 மாதம் பிடிக்கும், அதாவது இப்போதைய கணக்கைவிட 38 மாதம் கூடுதல். 38-ஐ 1,150-ஆல் பெருக்குங்கள்: 43,700 டாலர். ஏழு இரவுச் சுற்றுலாவின் உண்மையான விலை அதுதான், உங்கள் 83 வயதிலிருந்து 86 வயது வரை கட்ட வேண்டிய விலை. வட்டி விகிதம் ஏறி இறங்கினால் எண் மாறும், திசை மாறாது.

இன்னொரு கணக்கு. உங்கள் வயதில் சூப்பர் ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 5 சதவீதம் எடுத்தாக வேண்டும். உங்களுக்கு அது 10,500. தவணை ஆண்டுக்கு 13,800. சூப்பரிலிருந்து அந்த அளவு மட்டும் எடுத்தால் அது முழுதாகக் கடனுக்கே போய்விடும், அப்போதும் போதாது. மனைவி வேலையை விடும் நாளில் வீட்டு நிலைமை என்ன ஆகும் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தூக்கம் வராததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

“எங்கள் பணம்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றபோது வந்த விடுப்பு ஊதியத்தைக் கடனில் கொண்டுபோய்ப் போட்டது மிக நல்ல காரியம். ஆனால் போட்ட அன்றே அது பணமாக இருப்பது போய், கடன் குறைந்த அளவாக மாறிவிட்டது. திரும்ப எடுப்பது புதிதாகக் கடன் வாங்குவதுதான். செயலியில் “எடுக்கக்கூடிய தொகை” என்று பச்சை எழுத்தில் காட்டுவதால் சேமிப்பு போலத் தெரிகிறது, அவ்வளவே.

இனி மகள் விஷயம். 16,400-இல் அவர்கள் நால்வரின் பங்கு ஏறக்குறைய 11,000. கணவன், மனைவி இருவரும் சம்பாதிப்பவர்கள் என்று கடிதத்தில் வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்பதற்கு நம் வீடுகளில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். மகள் மேல் எனக்குக் குறை இல்லை. உங்களுக்குக் கடன் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாமலே இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளுக்கு இந்தத் தொகையைச் சொல்வதில்லை. இந்த முறை சொல்லிவிடுங்கள், கோபமில்லாமல், தொகையோடு: “வீட்டுக் கடன் 1,35,000 இருக்கும்மா. இனிமேல் அதில் கை வைப்பதில்லை என்று நானும் அம்மாவும் முடிவு பண்ணிட்டோம். நாங்க ரெண்டு பேரும் ஆகஸ்டில் போய் வர்றோம். நீங்களும் வர்றதா இருந்தா உங்க நாலு பேர் செலவு உங்களோடது.” முகம் சுண்டும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். கடன் அப்படிச் சரியாவதில்லை.

டைம்ஷேரைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். காலைச் சிற்றுண்டியும் பரிசுக் கூப்பனும் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விற்கும் பொருள் எதையும் உங்கள் வயதில் யாரும் வாங்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் முன்பணம், அதன் மேல் வருடா வருடம் கட்டணம். நீங்கள் போகாத வருடத்திலும் கட்டணம் உண்டு. விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது கடினம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், முதல் சில நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் கெடு தேதியைத் தாளில் பார்த்து இன்றே எழுதுங்கள். “இப்போது பயணம், அப்புறம் தவணை” விளம்பரங்களும் இதே வகைதான்.

சரி, அப்படியானால் போகவே வேண்டாமா? போக வேண்டும். 68 வயதில் கால் ஒத்துழைக்கும்போது போகாமல் எப்போது போவீர்கள்? நீங்கள் இருவர் மட்டும், பள்ளி விடுமுறை இல்லாத நாளில், ஆகஸ்ட் இரண்டாவது பாதியில் போங்கள். கெய்ர்ன்ஸில் அது மழையில்லாக் காலம், பகலில் 27 டிகிரி வரை இருக்கும். பிப்ரவரியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மழையும் புயலும் ஜெல்லிமீன் தொல்லையும் உள்ள காலம். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலையொட்டி வந்த வெள்ளத்தில் விமான நிலையமே மூடப்பட்டது.

ஆறு இரவுக்கு என் உத்தேசக் கணக்கு: விமானம் இருவருக்கும் 900, சமையலறை உள்ள தங்குமிடம் 1,140, பவளத்திட்டில் உள்ள கிரீன் தீவுக்குப் படகும் கண்ணாடித்தளப் படகும் 300, குரண்டா மலை ரயிலும் கம்பி வண்டியும் (கேபிள் கார்) 400, டெய்ன்ட்ரீ மழைக்காட்டுக்கு ஒரு நாள் சிற்றுந்துப் பயணம் 460, சாப்பாடு 540, உள்ளூர் போக்குவரத்து 150, கைச்செலவும் எதிர்பாராததும் 400. கூட்டினால் 4,290. விலைகள் கொஞ்சம் முன்பின் இருக்கும். உள்ளூர்ப் பேருந்துக்கு 50 சென்ட்தான், வாடகைக் கார் வேண்டாம். இரண்டு பேரிடமும் முதியோர் சலுகை அட்டையான சீனியர்ஸ் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள், பதிவு செய்யும் இடத்தில் எல்லாம் சலுகை உண்டா என்று கேளுங்கள்.

மாதம் மிஞ்சும் 600-ஐ பிப்ரவரி முதல் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஏழு மாதத்தில் 4,200. வட்டியோடு ஏறக்குறைய சரியாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: அதையும் கடனில் போட்டு ஆகஸ்டில் ரீட்ராவில் எடுத்தால் வட்டி மிச்சம்தானே என்று. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஏழு மாதத்தில் அந்த மிச்சம் 30 டாலர் அளவுக்குத்தான். நான்கு வருடமாக அந்தக் கதவு வழியாக 66,000 வெளியே போயிருக்கிறது. 30 டாலருக்காக அதைத் திறந்து வைக்க வேண்டாம். வங்கியில் பேசி, இருவரும் ஒப்புதல் தந்தால் தவிர ரீட்ரா எடுக்க முடியாதபடி மாற்றித் தரச் சொல்லுங்கள். செப்டம்பரிலிருந்து அதே 600 தவணையோடு சேர்ந்து கடனுக்குப் போகட்டும். 1,750 கட்டினால் 14 வருடம் 9 மாதம் என்பது 8 வருடத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். சூப்பரிலிருந்து எடுத்து ஒரேயடியாகக் கடனை அடைக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு முன் அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்கின் இலவச நிதித் தகவல் சேவையில் நேரம் வாங்கிப் பேசுங்கள்.

இப்போது டைவிங். கடலில் இறங்காவிட்டால் கெய்ர்ன்ஸ் வீண் என்று சொல்பவர்கள் குரண்டா ரயிலைப் பார்த்ததில்லை. 1891-இல் கட்டி முடித்த மலைப்பாதை, கையால் குடைந்த 15 சுரங்கப்பாதைகள், பாரன் அருவி எதிரே ரயில் நின்று எல்லோரையும் இறங்கிப் பார்க்கவிடும். வாழ்நாள் முழுதும் ரயிலோடு இருந்த உங்களுக்கு நான் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஏறும்போது ரயில், இறங்கும்போது காட்டுக்கு மேலே 7.5 கிலோமீட்டர் கம்பி வண்டி. காலுக்கு வேலையே இல்லை. டெய்ன்ட்ரீ ஆற்றில் படகில் உட்கார்ந்தபடி முதலை பார்க்கலாம். மாஸ்மன் கோர்ஜ் பள்ளத்தாக்கில் சிற்றுந்து உள்ளே கொண்டுபோய் விடும், பிறகு பலகைப் பாதையில் மெல்ல நடந்தால் போதும்.

பவளத்திட்டுக்கு, ஒன்றரை மணி நேரம் போகும் வெளித்திட்டுப் படகை விட்டுவிட்டு, 27 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கிரீன் தீவுக்குப் போங்கள். முக்கால் மணி நேரம்தான். ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று அடிக்கும், நீண்ட பயணத்தில் வயிற்றைப் புரட்டும். இன்னொரு விஷயம்: ஆம்புலன்ஸ் செலவை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்காது. குயின்ஸ்லாந்துக்காரர்களுக்கு அது இலவசம், சிட்னியிலிருந்து போகிறவருக்குப் பில் வரலாம். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் இருக்கிறதா, வெளிமாநிலத்திலும் செல்லுமா என்று கேட்டு வையுங்கள்.

என் மாமியாரை அவரது 74-ஆவது வயதில் அங்கே கூட்டிப்போனேன். கண்ணாடித்தளப் படகில் ஏறியதும், கண்ணாடி உடைந்துவிடும் என்று பயந்து சேலையைச் சுருட்டிக் காலை பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். படகு பவளத்துக்கு மேல் போனதும் காலடியில் ராட்சதச் சிப்பி ஒன்று, நீல உதடுகளைத் திறந்துகொண்டு, எங்கள் வீட்டு அண்டா அளவுக்கு இருந்தது. பத்தாவது நிமிடம் மாமியார் கண்ணாடியை ஒட்டிக் குனிந்து மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். உங்கள் மனைவிக்கும் நீச்சல் தேவைப்படாது. காற்று கூடுவதற்கு முன் கிளம்பும் காலை முதல் படகில் இடம் கேளுங்கள்.