கருவைக் கலைக்கச் சொல்ல மருத்துவமனைக்கு உரிமை உண்டா?

கேள்வி: எனக்கு வயது 29. எனக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தே கணவர் மணந்துகொண்டார். அவருக்குத் தொற்று இல்லை. அரசு ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கித் தவறாமல் சாப்பிடுகிறேன். இப்போது மூன்று மாதக் கர்ப்பம். நான் செல்லும் தனியார் மருத்துவமனையில் கருவைக் கலைக்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு இப்போதே கையெழுத்துப் போட்டால்தான் பிரசவம் பார்ப்பார்களாம். என் கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் நோயை எழுதியிருக்கிறார்கள். மாமியாரும் கலைக்கத்தான் சொல்கிறார். — வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில், அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே இட்டிருந்தால், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, நகலில் மருத்துவமனை முத்திரையுடன் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள, 2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுள்ள கர்ப்பிணிக்கு அவருடைய தகவலறிந்த சம்மதமின்றிக் கருக்கலைப்போ கருத்தடையோ செய்யக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. சாதக பாதகங்களையும் மாற்று வழிகளையும் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின், வற்புறுத்தல் இன்றி நீங்கள் தருவதே அந்தச் சம்மதம். பிரசவத்தைப் பணயமாக வைத்து வாங்கும் கையெழுத்து அதில் சேராது. கருக்கலைப்புச் சட்டப்படியும் வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே செல்லும் என்பதால், மாமியாரின் விருப்பத்துக்கு இங்கே சட்ட மதிப்பு ஏதும் இல்லை.

தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது, அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடைசெய்யும் பாகுபாடு ஆகும். அது தனியார் மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்தும். ஆபத்துகளை எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் முழுமையாகச் சொல்லட்டும்: சிகிச்சையே இல்லாத நிலையில் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றக்கூடிய இந்த நோய், தாய் முறையாக மருந்து உண்டு, குழந்தைக்கும் தடுப்பு மருந்து தரப்படும்போது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதை மறைத்துவிட்டுக் கலைக்கச் சொல்வதை நான் ஆலோசனை என்று ஏற்க மாட்டேன். உங்கள் பங்குக்குச் சட்டம் கேட்பது, பிறருக்குத் தொற்றாமல் தக்க முன்னெச்சரிக்கை எடுப்பதை. குழந்தை பெறாமல் இருப்பதை அல்ல.

நீதிமன்றமும் இந்தப் பார்வைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. தொற்றுள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டதாகும் என்று 1998-இல் கூறிய உச்ச நீதிமன்றமே, 2002-இல் அக்கருத்துகளை விலக்கியது. குழந்தை பெறுவதும் பெறாமல் இருப்பதுமான தேர்வு, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009-இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் தீர்ப்பளித்தது.

சிவப்பு மை எழுத்து தனி மீறல். வார்டில் வருவோர் போவோர் எல்லாம் படிக்கும்படி ஒருவரின் தொற்றை அட்டையில் எழுதுவது, தகவல் ரகசியம் குறித்த விதிகளுக்கு எதிரானது. அந்த அட்டையைப் படம் எடுத்து வையுங்கள்.

இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, முதலில் அவரிடம் கொடுங்கள். பயனில்லையென்றால் இச்சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அவர் முப்பது நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காவிட்டால் அபராதம் உண்டு.

இருந்தாலும், வழக்குக்கு வாய்தா வாங்கலாம், பிரசவத்துக்கு வாங்க முடியாது. ஆகவே புகார் ஒருபுறம் நடக்கட்டும், உங்கள் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் கர்ப்பத்தை உடனே தெரிவித்து, அவர் வழியாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த வாரமே பதிவு செய்துகொள்ளுங்கள். விவகாரம் பிறகு நீதிமன்றம் வரை சென்றாலும், உங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் நடத்தும்படி கோர இச்சட்டமே இடமளிக்கிறது.